பால்மரத்து விதையும் அதன் எண்ணெயும்

பால்மரம் நமக்குப் பால் தரும் என்பதை யாவரும் அறிவர். அம்மரம் எண்ணெயும் தரும் என்பதை அறிந்தோர் சிலரே. ஆண்டுதோறும் காய் வெடிக்கும் காலத்தில், நிரைகளுக்கு இடையே உதிர்ந்து கிடக்கும் விதைகளை நாம் மிதித்துக்கொண்டே வேலைக்குச் செல்கிறோம். சிறுவர் அவற்றைப் பொறுக்கி, இரண்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தி, எது முதலில் உடைகிறது என்று விளையாடுகின்றனர். மழைக்குப் பின் சில விதைகள் முளைவிடும். மற்றவை மக்கி மண்ணோடு மண்ணாகும்.

இவ்விதையின் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு எண்ணெய் உள்ளது. அதே பருப்பில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நச்சுப் பொருளும் உள்ளது. எண்ணெயை எவ்வாறு எடுக்கின்றனர், அதன் தரத்தை எவ்வாறு அளந்தறிகின்றனர், நச்சினின்று நம் குடும்பத்தாரை எவ்வாறு காப்பது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் காண்போம்.

காத்திருக்காத விதை

நம் நாட்டுப் பால்மரங்களின் வரலாறே விதையிலிருந்துதான் தொடங்குகிறது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் 3,000-க்கும் குறைவானவையே முளைத்தன. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோல கங்சாரில் நடப்பட்டன.

அத்தனை ஆயிரம் விதைகளுள் பெரும்பாலானவை ஏன் முளைக்கவில்லை? நெல், பயறு போன்றவற்றைக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்து விதைக்கலாம். பால்மரத்து விதையோ ஈரம் குறைந்தால் உயிரிழந்துவிடும்; சில வாரங்களுக்குள் அதன் முளைக்கும் ஆற்றல் தேய்ந்துவிடும். ஈரத்தோடு விட்டாலோ, உள்ளிருக்கும் பருப்பு விரைவில் கெடத் தொடங்கும். இவ்விதை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எண்ணெயின் தரமும் இந்த ஒரு குணத்தைப் பொறுத்தே அமைகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

விதையின் அமைப்பு

பால்மரத்தின் காய் மூன்று அறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை இருக்கும். பூ காயாகி முற்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். முற்றிய காய் வெயிலில் உலர்ந்து, ஓசையுடன் வெடித்து, விதைகளைத் தொலைவில் எறியும்.

விதையின் வெளியே பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளையுடைய பளபளப்பான ஓடு உள்ளது. உலர்ந்த விதையின் எடையில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு ஓடாகும், எஞ்சியது பருப்பு. எண்ணெய் முழுவதும் பருப்பில்தான் இருக்கிறது. ஓட்டோடு சேர்த்து ஆட்டினால், வெளிவரும் எண்ணெயில் ஒரு பகுதியை ஓடு உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் முதலில் ஓட்டை நீக்குவதே முறை.

எண்ணெய் எடுக்கும் முறைகள்

எண்ணெய் எடுக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று பிழிதல், மற்றொன்று கரைத்தல்.

பிழியும் முறை நமக்குப் பழக்கமானதே. நம் முன்னோர் செக்கில் எள்ளையும் தேங்காய்ப் பருப்பையும் ஆட்டிய முறைதான் அது. இக்காலத்து ஆலைகளில் மாட்டிற்கும் மரச்செக்கிற்கும் பதிலாக இரும்புத் திருகு ஒன்று சுழன்று பருப்பை நெருக்குகிறது. எண்ணெய் பக்கத் துளைகளின் வழியே வழிய, பிண்ணாக்கு மறுமுனையில் வெளிவருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்கு உலர்ந்த விதை 100 கிலோ இருப்பதாகக் கொள்வோம். ஓடு 40 கிலோ நீங்கினால் பருப்பு 60 கிலோ. அதில் எண்ணெய் 40 விழுக்காடு எனில், 24 கிலோ எண்ணெய் உண்டு. திருகு ஆலை அதை முழுவதும் பிழிந்துவிடாது. பிண்ணாக்கில் 8 விழுக்காடு எண்ணெய் தங்குமானால், ஏறத்தாழ 3 கிலோ அதிலேயே நின்றுவிடும். கைக்கு வருவது ஏறத்தாழ 21 கிலோ.

தங்கிய எண்ணெயையும் எடுக்க உதவுவது கரைக்கும் முறை. ஹெக்சேன் என்னும் திரவத்தில் பொடித்த பருப்பையோ பிண்ணாக்கையோ ஊறவைத்தால், எண்ணெய் அதில் கரைந்துவிடும். பிறகு அத்திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கிக் குளிர்வித்து மீட்டுக்கொள்வர், எண்ணெய் எஞ்சும். ஹெக்சேன் மிக எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்கென அமைந்த ஆலையிலும் சோதனைச்சாலையிலும் மட்டுமே இம்முறையைக் கையாள வேண்டும். பெட்ரோலையோ வேறு எரிபொருளையோ கொண்டு வீட்டில் இதனைச் செய்துபார்க்க முயல்வது தீ விபத்தை வலிய அழைப்பதாகும்.

தரத்தைக் காட்டும் மூன்று எண்கள்

நாம் கொண்டுவரும் பாலை நிறுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் சோதிக்கின்றனர். தண்ணீர் கலந்த பால் வாளியை நிறைக்கலாம்; கணக்கை நிறைக்காது. எண்ணெய்க்கும் அதுவே நியதி. எண்ணெயின் தரத்தை அறிய மூன்று எண்கள் பெரிதும் உதவுகின்றன.

முதலாவது, சவர்க்கார எண். ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் சவர்க்காரமாக மாற்ற எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் தேவை என்பதை இது காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு இவ்வெண் ஏறத்தாழ 250. பால்மரத்து விதை எண்ணெய்க்கு ஏறத்தாழ 190. சவர்க்காரம் செய்பவர் எவ்வளவு காரம் சேர்க்க வேண்டும் என்பதை இதைக் கொண்டு கணக்கிடுவர்.

இரண்டாவது, அயோடின் எண். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பதே இது. இவ்வெண் உயர உயர, காற்றுப்பட்டு இறுகிப் படலமாகும் தன்மை மிகும். தேங்காய் எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 10-க்குள் அடங்கும். செம்பனை எண்ணெய்க்கு 50-ஐ ஒட்டியிருக்கும். பால்மரத்து விதை எண்ணெய்க்கோ 130-க்கு மேல் உள்ளது. சாயத் தொழிலில் புகழ்பெற்ற ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். ஆகவே நம் விதை எண்ணெய், ஓரளவு உலரும் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. சுவர்ச் சாயம், மெருகெண்ணெய், சாயங்களுக்கான பிசின் ஆகியவற்றில் இது பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, அமில எண். முதல் இரண்டு எண்களும் மரத்தின் இயல்பைக் காட்டுவன. இம்மூன்றாவது எண்ணோ, விதை உதிர்ந்தபின் மனிதன் அதை எவ்வாறு கையாண்டான் என்பதைக் காட்டுவது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அமில எண்ணும் மனிதர் கையும்

பருப்பிற்குள் எண்ணெயோடு லிப்பேஸ் என்னும் நொதிப்பொருளும் இருக்கிறது. பருப்பு நசுங்கினாலோ, ஈரத்தோடு குவிந்து கிடந்தாலோ அது வேலை செய்யத் தொடங்கும். பூஞ்சணமும் அதற்குத் துணைசேரும். எண்ணெய் சிறிது சிறிதாக உடைந்து, தனித்த கொழுப்பு அமிலங்களாக மாறும். செம்பனைப் பழக்குலைகளை வெட்டியவுடன் ஆலைக்கு அனுப்பி நீராவியில் அவிப்பதற்கும் இதுவே காரணம். வெப்பம் அந்நொதிப்பொருளை அடக்கிவிடும்.

சோதனை முறை எளியது. ஐந்து கிராம் எண்ணெயை நிறுத்து, வெதுவெதுப்பான சாராயக் கரைசலில் கலப்பர். பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியில் சில துளிகள் விடுவர். பிறகு அளவு குறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைத் துளித்துளியாக விடுவர். இளஞ்சிவப்பு நிறம் தோன்றி மறையாமல் நிற்கும்போது நிறுத்துவர்.

அக்கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 5.6 மில்லிகிராம் காரம் இருப்பதாகக் கொள்வோம். 4 மில்லிலிட்டர் செலவானால், காரம் 22.4 மில்லிகிராம், அதனை 5-ஆல் வகுத்தால் அமில எண் ஏறத்தாழ 4.5. வேறோர் எண்ணெய்க்கு 40 மில்லிலிட்டர் செலவானால், அமில எண் ஏறத்தாழ 45. அமில எண்ணில் ஏறத்தாழப் பாதியே தனித்த அமிலத்தின் விழுக்காடு. அதாவது, முதல் எண்ணெயில் அமிலம் 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இரண்டாவதில் 22 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

இரண்டும் ஒரே மரத்து விதைகளாகவே இருக்கலாம். ஒன்று உதிர்ந்த சில நாள்களுக்குள் பொறுக்கி, உலர்த்தி, ஆட்டப்பட்டது. மற்றொன்று ஈரச் சாக்கில் வாரக்கணக்கில் கிடந்தது. சுத்திகரிப்பவர் காரம் சேர்த்து அமிலத்தை நீக்கும்போது, அது கசடாகப் பிரிந்து இழப்பாகிறது. எனவே இரண்டாவது எண்ணெயில் 100 கிலோவிற்கு 22 கிலோவுக்கும் மேற்பட்ட இழப்பு உண்டு. அதற்கேற்ப விலையும் இறங்கும்.

இவ்வெண்ணெயை டீசலுக்கு மாற்றாக்கும் முயற்சியிலும் இத்தடையே குறுக்கிட்டது. கோழிக்கோட்டு ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமிலம் மிகுந்த இவ்வெண்ணெயை ஒரே படியில் மாற்ற இயலாமையால், முதலில் அமிலத்தைக் குறைத்துப் பின்னர் எரிபொருளாக்கும் இரு படி முறையைக் கையாண்டனர்.

பருப்பில் உள்ள நச்சு

இனி, பெற்றோர் யாவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

பால்மரமும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. பருப்பைக் கடித்து நசுக்கும்போது அது பிரிந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வெளிப்படும். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்த நம் முதியோர், தோலை நீக்கி, நன்கு வேகவைத்தே உண்டனர். அவர்தம் எச்சரிக்கைக்கு அறிவியல் காட்டும் காரணம் இதுவே.

பகாங் மாநிலத்து மலாய் மக்கள் இவ்விதையைப் பதப்படுத்தி, 'அசாம் ரோங்' என்னும் புளிப்புப் பொருளைச் செய்கின்றனர். நெடுநேரம் வேகவைத்தல், நீரில் ஊறவைத்தல் எனத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வேலை அது. அதைக் கேள்வியுற்று, நாமும் வறுத்துத் தின்று பார்ப்போம் என்று துணிவது அறிவுடைமை ஆகாது. ஆடு மாடுகளுக்கும் பச்சை விதையையோ புதிய பிண்ணாக்கையோ இட வேண்டா. பச்சைப் பருப்பின் நச்சு பிண்ணாக்கிலும் தங்கியிருக்கக்கூடும்.

விதையைத் தின்ற குழந்தைக்குத் தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி, மூச்சுத்திணறல் முதலியன தோன்றலாம், நினைவும் தப்பலாம். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தின்ற விதையில் ஒன்றையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கைவைத்தியம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டா. விதையை வைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு, அதை வாயில் வைக்கலாகாது என்பதைக் காய் வெடிக்கும் காலம் வருமுன்னரே சொல்லிவையுங்கள்.

நாம் செய்யத்தக்கது

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இவ்விதையைப் பொறுக்கி எண்ணெய் ஆலைகளுக்கு விற்கும் வழக்கம் உண்டு. நம் வட்டாரத்தில் விதை வாங்குவோர் இருப்பின், தோட்ட நிருவாகத்தின் இசைவைப் பெற்றபின் பொறுக்குங்கள். முதலில் விலையைக் கேட்டறிந்து, பொறுக்குவதற்குச் செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொறுக்கத் தொடங்கினால், அன்றாடம் பொறுக்குங்கள். முளைத்தவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் ஒதுக்குங்கள். அன்றே வெயிலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டாதீர்கள். எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மங்கில் நிற்கும் பாலை உரிய நேரத்தில் எடுக்காவிடில் அது உறைந்து, தரம் குறைந்துவிடும் என்பதை நாம் நன்கறிவோம். விதைக்குள் நிகழும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. சோதனைச்சாலையின் அமில எண்தான் அதை வெளிக்காட்டும். அந்த எண் நான்காவதும் நாற்பதாவதும் விதையைப் பொறுக்கும் கையைப் பொறுத்தது.

பயிற்சி

1. உலர்ந்த விதை 250 கிலோவில் ஓடு 40 விழுக்காடு எனில், பருப்பு எத்தனை கிலோ?
2. ஒரே மரத்து விதைகளிலிருந்து எடுத்த இரு எண்ணெய்களின் அமில எண்கள் வேறுபடுவது ஏன்?
3. பால்மரத்து விதையைப் பிள்ளைகள் தின்னலாகாது என்பதற்குக் காரணம் யாது? இதனை இன்றே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.