அடங்கி ஒலிக்கும் மந்தர நாதம்

நம் கல்லூரி விழாவுக்கெனப் பழைய பாடல்களைப் பயிலும் மாணவர் சிலர் எம்மிடம் ஒரு குறை கூறினர்: "ஐயா, பழைய இசைத்தட்டுகளில் பேஸ் கிற்றார் மெத்தென்று ஒலிக்கிறது. எங்கள் வாத்தியமோ கணீரென்று ஒலித்துப் பாடுவோர் குரலை மூடிவிடுகிறது. அக்காலத்து வாத்தியத்தையே பெருவிலை கொடுத்து வாங்கவேண்டுமோ?" வேண்டியதில்லை. காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

தந்தியை மீட்டுங்கால் அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என மேற்சுரங்களும் உடன்பிறக்கின்றன. கணீரென்ற ஓசையைத் தருவன இவற்றுள் உயர்ந்தவையே. அவற்றை அடக்கின், மெத்தென்ற நாதம் தானே வெளிப்படும்.

அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறிசிஷன் பேஸ் என்னும் வாத்தியத்தில், குதிரையின் மேலமைந்த மூடியினுள் தந்திகளை அடக்கும் மெத்தைத்துண்டு ஒன்று பிற்பாடு இடம்பெற்றது. டெற்றோயிட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் அத்துண்டை நீக்காது வைத்திருந்தார். தடித்த தந்திகளை அரிதாகவே மாற்றினார். சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார்.

நாம் செய்யவேண்டுவன நான்கு. முதலாவது, தட்டையான கம்பி சுற்றிய வழுவழுப்பான தந்திகளைப் பூட்டுதல். இரண்டாவது, குதிரையருகே தந்திகளின் அடியில் ஸ்பொஞ் துண்டொன்றை மெல்லத் தொடுமாறு செருகுதல். மூன்றாவது, குதிரையை விட்டு விலகி, விரலின் சதைப்பகுதியால் மீட்டுதல். நான்காவது, தொனித் திருகியைக் குறைத்து வைத்தல்.

இந்நுட்பம் நமக்குப் புதிதன்று. மிருதங்க வித்துவான்கள் கச்சேரிக்கு முன் இடப்புறத் தொப்பியில் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அப்புவதும் ஆழ்ந்த நாதம் பெறுதற்கேயாம். கண்டி வீதிகளில் எசல பெரஹராவின்போது முழங்கும் கெட்டபெரவும் தன் இரு முகங்களில் வெவ்வேறு தோல் போர்த்தமையாலன்றோ இருவேறு குரலில் ஒலிக்கிறது!

மாணவர் அன்று மாலையே கடைத்தெருவில் பாத்திரம் துலக்கும் ஸ்பொஞ் ஒன்றை வாங்கி அரிந்து செருகினர். முதலில் அது தந்தியை மிக அழுத்தியமையால் சுருதியே புலப்படவில்லை. பலகையைத் தட்டியது போன்றிருந்தது. பாதியாக மெலிதாக்கியபின் விரும்பிய நாதம் வாய்த்தது. பாடுவோர் குரலும் தெளிவாகக் கேட்டது.

அடக்கம் வேறு, ஊமையாதல் வேறு. தாங்கி நிற்கும் வாத்தியம் அளவறிந்து அடங்கின், பாட்டு தலைநிமிரும். மாணவர் இதனை இசைக்கு மட்டுமே உரிய பாடமெனக் கொள்ளாதிருப்பாராக.