ஊர் என்ன சொல்லும்?

ஒரு குடும்பம் ஊரை விட்டுச் சென்னைக்குக் குடிபோகத் தீர்மானித்திருக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்துவிட்டால் போதும். அன்றிலிருந்து அவ்வீட்டாருக்கு யோசனை சொல்லாதவர் கிடையாது. உளூச் செய்யும் ஹவுளின் ஓரத்தில் ஒருவர் சொல்வார். கடைத்தெருவில் ஒருவர் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போன பெண்களிடம் நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். "போகாதே" என்பவர் ஒருபுறம், "இன்னுமா போகவில்லை?" என்பவர் மறுபுறம். இந்தப் பேச்சுகளுக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு, எதைக் காதில் வாங்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடற்கரையோரத்து முஸ்லிம் ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நமக்கு எழுதிய கடிதமே இதற்குக் காரணம். பத்து வருடம் வளைகுடாவில் தனியாகக் கழித்தவர் அவர். இப்போது சென்னை மண்ணடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. இனியாவது மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவிக்கும் சம்மதம். ஆனால் காயல்பட்டணம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதும் நெடுங்காலத்து வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். எனவே அவ்வூரில் பெண்ணை அழைத்துக்கொண்டு பட்டணம் போவது என்பது மற்ற ஊர்களைப்போலச் சாதாரண விஷயமல்ல. "மாமியார் வீட்டை அநாதையாக்கிவிட்டுப் போகிறான்" என்கிறார்களாம் சிலர். "பட்டணத்திலே பிள்ளைகளுடைய தீன் போய்விடும்" என்கிறார்களாம் வேறு சிலர். "சவூதியிலே சம்பாதிக்காததையா மண்ணடியிலே சம்பாதிக்கப் போகிறான்?" என்று சிரிக்கிறவர்களும் உண்டாம். "நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் ஊரார் சொன்னது. மனைவி அந்த வீட்டுக்கு ஒரே பெண், மாமியார் கணவரை இழந்தவர், சர்க்கரை நோயால் பார்வையும் மங்கியவர் என்பது ஓரிடத்தில் வருகிறது. ஆனால் அந்த மாமியார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை!

நம் பதில் இங்கேதான் தொடங்குகிறது. நூறு பேருடைய பேச்சு காதில் விழுவது வேறு; மஷ்வரா என்பது வேறு. பேச்சு தானாக வருவது. மஷ்வராவோ நாமாகப் போய், இன்னாரிடம் என்று தேர்ந்து கேட்பது. குர்ஆன் ஷரீஃபில் பகரா சூராவின் 233ஆம் ஆயத்தைப் பாருங்கள். பால்குடிக் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதுகூடப் பெற்றோர் இருவரும் ஒருவரோடொருவர் கலந்து யோசித்து, இருவரும் மனம் ஒப்பிச் செய்ய வேண்டியதாக அங்கே கூறப்படுகிறது. ஒரு குழந்தையின் பாலை நிறுத்துவதற்கே தாயின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டுமென்றால், அக்குழந்தைகளையும் அவர்கள் தாயையும் வேறொரு பட்டணத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு எவ்வளவு வேண்டும்! விருப்பமில்லாத மனைவியை வெளியூருக்கு அழைத்துச் செல்வதுபற்றி ஃபுகஹாக்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். பிற்கால ஹனஃபி அறிஞர்களில் பலர் அவளுடைய சம்மதத்தைக் கவனிக்கவே சொல்லியிருக்கிறார்கள்.

பெண்களிடம் என்ன யோசனை என்று கேட்பவர் இன்றும் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை ஆனபின், மனம் கலங்கியிருந்த ஸஹாபாக்கள் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையத் தயங்கி நின்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையைத்தான் ஏற்றார்கள். யாரோடும் பேசாமல் தாங்களே முதலில் செய்துவிடுங்கள் என்பது அந்த அம்மையாரின் யோசனை. அப்படியே செய்தார்கள், எல்லாரும் எழுந்தார்கள்.

மனைவிக்கு அடுத்து, நம்மை நம்பியிருப்பவர்கள். பெற்றோருக்கு நம் பணிவிடை தேவைப்படுகிறது, கவனிக்க வேறு ஆளும் இல்லை என்றால் அவர்களை விட்டுப் போவதற்கு மார்க்கம் இடம் தராது. அவர்களுக்கு அந்தத் தேவை இல்லை, வழியும் பாதுகாப்பானது என்றால் சம்பாத்தியத்துக்காகப் போக அனுமதியுண்டு. ஃபுகஹாக்களின் விளக்கத்தின் சாரம் இதுவே. மாமியார் மருமகனுக்குத் தாயல்ல என்று சட்டம் பேசலாம். ஆனால் அவர் மனைவியின் தாய். தாய்க்குச் செய்யும் கடமை மனைவியின் மீது இருக்கிறது. அந்தக் கடமையை அவள் நிறைவேற்ற முடியாதபடி செய்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்தச் சகோதரர் முதலில் ஊர் வாயை மறந்துவிட்டு மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எங்களோடு வருகிறீர்களா? இங்கேதான் இருப்பீர்கள் என்றால் உங்களுக்கு யார் துணை?" என்று கேட்கட்டும். அவர் வருவதாகவும் சொல்லலாம். "ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே" என்றும் சொல்லலாம். "நான் கண்ணை மூடும்வரை போகாதீர்கள்" என்று அழவும் செய்யலாம். எதைச் சொன்னாலும், இந்த விஷயத்தில் ஊரார் சொன்ன மூன்று பக்கத்தைவிட அந்த ஒரு வார்த்தைக்கு எடை அதிகம்.

மூன்றாவதாகக் கேட்கத் தக்கவர், அந்தப் பட்டணத்தை அறிந்தவர். சென்னையில் இருந்தவரிடம் சென்னையைப்பற்றிக் கேட்க வேண்டும். எழும்பூர் ரயில் நிலையத்தைத் தாண்டாதவரிடம் கேட்டுப் பயனில்லை. என்ன கேட்பது? சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும்? அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை? முஸ்லிம் என்றதும் வீடு இல்லை என்று கைவிரிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டாகையால் எந்தப் பகுதியில் தேடுவது? பள்ளிவாசல் நடந்து போகும் தூரமா? பிள்ளைகள் குர்ஆன் ஓத மக்தப் உண்டா? இடையிலே ஒன்று: மாத வாடகையில்லாமல் பெருந்தொகையைக் கொடுத்து 'லீஸு'க்கு வீடு பிடிக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. கொடுத்த தொகை பின்னால் முழுதும் திரும்பி வருமென்றால் அது கடன்தான். கடன் கொடுத்தவர் அதைக்கொண்டு இலவசமாகக் குடியிருப்பது வட்டியின் பாற்பட்டது என்று உலமாக்கள் தடுத்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லித்தருபவரே நல்ல யோசனைக்காரர்.

யோசனை கேட்கப்பட்டவரும் தம் பொறுப்பை உணர வேண்டும். அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. கடை முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பவர் என்று தெரிந்தும், 'நமக்கேன் பொல்லாப்பு, கீபத் ஆகிவிடுமே' என்று மூடி மறைப்பது பேணுதல் ஆகாது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப்பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டபோது, அவ்விருவரிடமும் இருந்த குறையை நாயகம் அவர்கள் தெளிவாகவே சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி கூறினார்கள். கேட்டவருக்குத் தேவையான அளவு சொல்லலாம், சொல்ல வேண்டும். கேட்காத நாலு பேரிடம் திண்ணையில் உட்கார்ந்து, "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான்" என்று சொல்வதுதான் கீபத். அதற்கு 'ஊர் நன்மை' என்று பெயர் வைத்துவிட்டால் அது ஹலால் ஆகிவிடாது.

இனி, 'பட்டணத்தில் தீன் போய்விடும்' என்ற பேச்சுக்கு வருவோம். இதை முழுக்கத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. பள்ளிவாசலின் பாங்கு காதில் விழாத ஒரு புறநகர் அடுக்குமாடியில், ஓதிக்கொடுக்க ஆளில்லாமல் வளரும் பிள்ளையைப்பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் ஊரிலிருந்தால் தீன் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் சரியல்ல. அபுத்தர்தா (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் இருந்தபோது, பரிசுத்த பூமிக்கு வந்துவிடுமாறு ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பூமி எவரையும் பரிசுத்தப்படுத்துவதில்லை, மனிதனை அவனுடைய அமல்தான் பரிசுத்தப்படுத்தும் என்ற கருத்தில் ஸல்மான் (ரலி) பதில் எழுதினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இருக்கிறது. புனித பூமிக்கே இப்படியென்றால், நம் ஊருக்கும் சென்னைக்கும் என்ன வழக்கு!

அவ்வூர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களையே எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) கஸ்ஸாவில் பிறந்தார்கள். தகப்பனார் இல்லை. சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயார் அவர்களைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கணவரை இழந்த ஓர் ஏழைப் பெண், கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம்! பின்னர் அந்தப் பிள்ளை மதீனாவுக்கும், பக்தாதுக்கும், கடைசியில் மிஸ்ருக்கும் போய் ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) அங்கேயே வஃபாத்தானார்கள். ஒரு தாயின் குடிபெயர்வில் தொடங்கிய இல்மு, அரபிக்கடல் தாண்டி நம் கரைவரை வந்திருக்கிறது.

சரி, கேட்க வேண்டியவர்களைக் கேட்டாயிற்று. அவர்களே இரண்டுபட்டால்? உமர் (ரலி) அவர்கள் கிலாஃபத்தில் ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளை ஒட்டி (கி.பி. 638-639) நடந்ததைக் கேளுங்கள். கலீஃபா அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டு ஸர்கு என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். 'வந்த காரியத்தை விட்டுத் திரும்பக் கூடாது' என்றார்கள் சிலர். 'மக்களை அந்த நோய்க்கு முன் நிறுத்தக் கூடாது' என்றார்கள் சிலர். அன்ஸார்களைக் கேட்டார்கள், அவர்களும் அதேபோல் இரண்டுபட்டார்கள். பின்னர் குறைஷி முதியவர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடச் சொன்னார்கள். உமர் (ரலி) முடிவு செய்து அறிவித்துவிட்டார்கள். அப்போதும் பேச்சு ஓயவில்லை. அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று, மதிப்பிற்குரிய அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடை சொல்லி, ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிக்கு உட்பட்டதுதானே என்று உவமையும் கூறினார்கள். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் வந்தால் அதற்கஞ்சி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். அந்த நபிமொழி வருவதற்கு முன்பே முடிவு ஆகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லும்வரை அவர்கள் ஸர்கில் காத்திருக்கவில்லை; எதிர்த்துக் கேட்டவரையும் பகைக்கவில்லை.

மஷ்வராவோடு சேர்ந்தது இஸ்திகாரா. எல்லாக் காரியங்களுக்கும் இதை, குர்ஆனின் சூராவைக் கற்றுக்கொடுப்பதுபோல நாயகம் (ஸல்) அவர்கள் தங்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, பிறகு அதற்குரிய துஆவை ஓதித் தன் காரியத்தைக் குறிப்பிட வேண்டும். முதல் ரக்அத்தில் காஃபிரூனும் இரண்டாவதில் இக்லாஸும் ஓதுவது நல்லது. சுபுஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் இதைத் தொழ வேண்டாம். தொழ முடியாத நாட்களில் பெண்கள் துஆவை மட்டும் ஓதிக்கொள்ளலாம். கணவன் தொழுதுவிட்டான் என்று மனைவி சும்மா இருக்க வேண்டியதில்லை, போகிறவள் அவளுந்தானே!

இதில் மக்களிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. கனவில் பச்சையோ வெள்ளையோ கண்டால் போகலாம், கறுப்போ சிவப்போ கண்டால் கூடாது என்று காத்திருக்கிறார்கள். பெரியோர் சிலர் அப்படிக் குறிப்பிட்டிருந்தாலும் அந்த ஹதீஸில் கனவைப்பற்றிய பேச்சே இல்லை. என் தீனுக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் இது நல்லதென்றால் எளிதாக்கித் தா, கெட்டதென்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பிவிடு, நல்லது எங்கிருந்தாலும் அதைத் தந்து என் மனதைப் பொருந்தச் செய் என்பதே அத்துஆவின் கருத்து. ஆகவே தொழுதபின் காரியத்தில் இறங்க வேண்டும். வீடு அமைகிறதா, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கிறதா, மாமியின் மனம் இளகுகிறதா என்று பார்க்க வேண்டும். வழி திறந்தால் போவது, அடைத்தால் நிற்பது.

முடிவுக்கு வந்தபின் வாசலுக்கு வாசல் மாறிக்கொண்டிருக்கக் கூடாது. ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹதுக்கு முன் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம் மதீனாவிலேயே இருந்து எதிர்ப்பது, வெளியே போவோம் என்றவர்களின் விருப்பத்துக்கு இணங்கி, கவசம் அணிந்து வந்தார்கள். வற்புறுத்திவிட்டோமே என்று அவர்கள் வருந்தி, தங்கள் இஷ்டப்படியே செய்யுங்கள் என்று சொன்னபோது, அணிந்த கவசத்தைக் கழற்றவில்லை. அந்தப் போரில் ஏற்பட்ட இழப்புக்குப் பிறகு இறங்கிய ஆயத்திலும் (3:159), அவர்களோடு மஷ்வரா செய்யும்படியும், உறுதி கொண்டபின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படியும்தான் கட்டளை வந்தது.

எனவே "ஏன் போகிறாய்?" என்று கேட்பவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "துஆச் செய்யுங்கள் காக்கா" என்றால் போதும். பெண்களும் அப்படியே, "துஆச் செய்யுங்கள் ராத்தா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சை எடுக்கலாம். போகுமுன் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, மனத்தாங்கல் உள்ளவர்களிடம் பொருத்தம் தேடிக்கொள்ள வேண்டும். ஊர் ஜமாஅத்தின் சந்தாவையும் நிறுத்திவிட வேண்டாம். நாளை பிள்ளையின் நிகாஹுக்கு அந்த ஜமாஅத்தின் கடிதம் தேவைப்படும்.

போன இடத்தில் ஊர் நினைவு வந்து நெஞ்சை அடைத்தால் அது ஈமானின் குறையல்ல. மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புல்லையும் நினைத்து ஏங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக்கு என்று துஆச் செய்தார்கள்.

கடைசியாக, "ஊரையே விட்டுவிட்டாயா?" என்று கேலியாகக் கேட்பார்கள். ஃபிக்ஹும் இதையே கேட்கிறது, ஆனால் கேலியாக அல்ல. குடும்பத்தோடு சென்னையில் நிரந்தரமாகக் குடியேறி, பழைய ஊரை இனி வசிப்பிடமாகக் கொள்வதில்லை என்று நிய்யத் செய்துவிட்டவர், 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பெருநாளுக்கு நாலு நாள் ஊர் வந்தால் அங்கே முஸாஃபிர்தான். நாயகம் (ஸல்) அவர்களே ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) தாம் பிறந்த மக்காவுக்கு ஹஜ்ஜுக்கு வந்தபோது கஸ்ராகவே தொழுதார்கள். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாள் தங்கும் நிய்யத் வந்தால் முழுமையாகத் தொழ வேண்டும்; ஷாஃபிஈகளுக்கு, வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள். அந்தச் சகோதரரைப்போல அங்கொரு வீடு, இங்கொரு வீடு, மாமி ஊரில், பிள்ளைகள் சென்னையில் என்று இருப்பவர்களின் நிலை இதனின்று மாறுபடும். அவர்கள் தம் நிய்யத்தை விவரமாகச் சொல்லி, தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வார்களாக.