வரம்பைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரியில் ஆலப்புழையில் தனி மோட்டார் படகு பிடித்து, பம்பையாற்றில் நெடுமுடி, சம்பக்குளம் வரை ஒருநாள் போய்வந்து உன் முதல் பயணக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னாய். நல்லது. நீ போகும் அந்தக் குட்டநாட்டுப் பகுதிக்குப் போனவர்கள் பெரும்பாலும் தென்னையையும் பச்சையையும் வியந்துவிட்டுக் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். நீ ஒன்றை மட்டும் செய். அழகாக எது தெரிந்தாலும், அது அங்கே நிற்க யார் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேள்.

படகில் உட்கார்ந்ததும் ஆற்றோர வரம்புக்கு அப்பால் எட்டிப் பார். ஆறு மேலே ஓடும். வயல் பள்ளத்தில் கிடக்கும். அந்த வயல்களில் பல கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் தாழ்வு. சேற்றை அள்ளி வெளிவரம்பு கட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்தால்தான் அங்கே விதைக்க முடியும். இந்த வேளாண் முறையை ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக அங்கீகரித்தது. வரம்போரம் பெரிய மரப்பெட்டியும் அதனோடு மோட்டாரும் தெரிந்தால் படகை நிறுத்தச் சொல். 'பெட்டியும் பறையும்' என்று அவ்வூரார் அழைக்கும் இறைவைப் பொறி அதுதான். வரம்பு உடைந்தால் ஊர் என்ன செய்யும் என்று அங்கே நிற்பவரிடம் கேள்.

வழியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு படகின் சுழல்விசிறி திணறலாம். படகோட்டும் சாரங்கு இன்ஜினை நிறுத்தி அதை அறுத்தெறியும்வரை உனக்கு நேரம் கிடைக்கும். அந்தச் செடி ஏன் இவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று யோசி. கோடையில் வேம்பநாட்டுக் காயல் வழியாக உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்காமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். 1976 முதல் அது இயங்குகிறது. டிசம்பர் வாக்கில் மதகுகளை மூடுவார்கள். நெல் பிழைத்தது. ஆனால் உப்பில் கருகும் ஆகாயத்தாமரைக்கும் அதுவே வாழ்வாகிவிட்டது. கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வந்த மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபட்டது. எப்போது திறப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் ஒத்துப்போவதில்லை. இருவரிடமும் பேசு, நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

சாரங்கை 'சேட்டா' (அண்ணா) என்றே கூப்பிடு. மதியம் அவர் சாப்பிடும் இடத்திலேயே சாப்பிடு. எந்த வளைவில் ஆழம் குறைவு, வெள்ளக் காலத்தில் எதை அடையாளம் வைத்துப் படகு ஓட்டுகிறார் என்றெல்லாம் கேள். படித்துறை வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்ல மறக்காதே. படகு எழுப்பும் அலை வரம்பை அரிக்கும்; பாத்திரம் தேய்க்கிறவர்மேல் அடிக்கும். கரையில் வாழ்பவர்களுக்கு ஆறுதான் வீட்டு வாசல். அனுமதி கேட்காமல் கேமராவைத் தூக்காதே. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்கு அவர்கள் படும் பாட்டை எழுதாமல் விடாதே.

தனிப் படகில் ஒரு குறை உண்டு. நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்த நேரத்தில் புறப்படும். அதனால் ஊராரின் அவசரம் உனக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே மறுநாள் காலை ஆலப்புழைப் படகுத்துறையில் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் ஏறு. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். முந்தின நாள் எழுதிய குறிப்புகளில் எதை வெட்டலாம் என்று அங்கே உட்கார்ந்து முடிவு செய்.

எழுதும்போது உவமைகளைக் கடைசிக்கு ஒதுக்கிவை. நீர்மட்டம், வரம்பின் உயரம், இறைவைக்கு ஆகும் செலவு, கூலி இவற்றை முதலில் எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. வரம்பைப் பற்றி ஒரு பத்தியாவது இல்லையென்றால், படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்