சைக்கிள் குழாய் சொல்லும் சிக்கனம்

சைக்கிள் பிரேமில் எடை குறைய வேண்டும். வலு குறையக் கூடாது. குழாயை மெல்லியதாக்கினால் பற்றவைக்கும் சூட்டில் மூட்டு பலவீனப்படும். பளுவும் அங்கேதான் அதிகம். முழுவதும் கனமாக்கினால் வண்டியே சுமையாகும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆணித் தொழில் நடத்திய ஆல்பிரட் ரெனால்ட்ஸ் இதற்கு வழி கண்டு, 1897இல் காப்புரிமை பெற்றார். குழாயின் வெளிச்சுற்று ஒரே அளவு. உட்புறம் மட்டும் இரு முனைகளிலும் கனம் கூடுதல், நடுவில் குறைவு. உதாரணமாக, முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. உள்ளே எஃகுத் தண்டைச் செருகி, அச்சுத் துளை வழியாகக் குழாயை இழுத்து இவ்வாறு அமைக்கிறார்கள். இதற்கு ‘டபுள் பட்டட்’ குழாய் என்று பெயர்.

வணிகர்களே, நமக்கும் இது பாடம். செலவைக் குறைக்கப் பல இடம் உண்டு. எடையிலும் தரத்திலும் குறைத்தால், வாடிக்கையாளரையும் கடையையும் இணைக்கும் மூட்டே விட்டுப்போகும்.