பலா பழுக்கும்... அன்னாசி பழுக்காது!

கொல்லிமலைக்குப் போய்விட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். ஒரு பலா, ஒரு சீப்பு மலைவாழை, ரெண்டு அன்னாசி என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள். "காயா இருக்கே?" என்று கேட்டால், "வீட்டுல வெச்சா நாலு நாள்ல பழுத்துடுங்க" என்று பதில் வரும். பலாவுக்கும் வாழைக்கும் இது சரி. அன்னாசிக்குப் பொருந்தாது. ஏன் தெரியுமா?

வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. விளைந்த காயைப் பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்குகிறது. அது தூண்டிவிட, மாவுச்சத்து சர்க்கரையாகிறது, சதை குழைகிறது, மணம் எழுகிறது. பலாவும் இதே ரகம்தான்.

அன்னாசி அப்படியல்ல. அதன் சதையில் சொல்லும்படியான மாவுச்சத்து கிடையாது. இனிப்பு முழுவதும் இலைகளில் உருவாகி, தண்டு வழியாகத்தான் பழத்துக்கு வர வேண்டும். அது மளமளவென்று ஏறுவது கடைசிச் சில வாரங்களில். அதற்குள் வெட்டிவிட்டால் வரத்து நின்றது! அப்புறம் தோல் மஞ்சளாகலாம், சதை மெத்தென்று ஆகலாம். இனிப்பு மட்டும் கூடாது. ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, ஆரஞ்சு எல்லாம் இந்தக் கட்சியே.

வாங்கும்போது கவனிக்க...

அன்னாசி: அடிப்பக்கம்தான் முதலில் பழுக்கும். அங்கே முகர்ந்து பாருங்கள். நல்ல மணமும் மஞ்சள் நிறமும் இருந்தால் வாங்கலாம். புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

பலா: முள் விரிந்து, தட்டினால் மந்தமான சத்தம் வர வேண்டும். பிஞ்சில் வெட்டியது எத்தனை நாள் வைத்தாலும் ருசிக்காது.

வாழை: சீக்கிரம் பழுக்க வேண்டுமா? பழுத்த பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கக்கூடும். 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? வாழைப்பழம் கனியக் கனிய, அதிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறும். கரும்புள்ளி விழுந்து குழைந்த பழத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். எந்தப் பழம், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, புளிப்பு அன்னாசியை ஏற்கெனவே வாங்கியாச்சா? பழுக்கும் என்று காத்திருந்து அழுக விடாதீர்கள். இன்றைக்கே ரசம் வைத்துவிடுங்கள்!