கிட்டார் பெருக்கியின் சேசிஸில் எது எங்கே?

டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வுகள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. மைக் செட்டுகளிலும் அன்று வால்வுகளே இருந்தன. ஆனால் கிட்டார் வாசிப்போர் பலர் இன்றும் வால்வின் ஒலியை நாடுகின்றனர். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களில் விற்ற ‘சேம்ப்’ பெருக்கியில் மூன்றே வால்வுகள். அதைவிட எளிதாக, ஓர் இசிசி 83, ஓர் இஎல் 84, டயோடுகள் ஆகியவற்றைக் கொண்டு நான் வகுத்த சேசிஸ் திட்டத்தை இங்கே விளக்குகிறேன்.

இசிசி 83இன் ஒவ்வொரு பாதியும் சுமார் 50 மடங்கு பெருக்கும். இரண்டும் சேர்ந்து 2,500 மடங்கு. நுழைவாயிலில் 1 மில்லிவோல்ட் மின் இரைச்சல் புகுந்தால் இஎல் 84இன் கிரிட்டில் அது 2.5 வோல்ட் ஆகிவிடும். முழு ஒலிக்கே அங்கு சுமார் 4.3 வோல்ட் போதும்! ஆகவே பாகங்களின் இடமே பெருக்கியின் தரத்தை முடிவு செய்கிறது.

முதலாவது, வரிசை. கிட்டார் ஜாக், இசிசி 83, இஎல் 84, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கடைசி மூலையில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்று அமைய வேண்டும். ஹீட்டர் கம்பிகளை முறுக்கி, சேசிஸின் ஓரமாகக் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, கோணம். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலை வகுப்பில் படிக்கிறோம். பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப் புலம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளைத் துளைத்தால் ‘ஹம்’ எழும். இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் அது மிகவும் குறையும். துளையிடும் முன்பே இதைச் சோதிக்கலாம். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி முனைகளைத் தனித்தனியே காப்பிட்டு, பிரைமரிக்கு 230 வோல்ட் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஏசி வோல்ட் மீட்டரை இணைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். அளவு மிகக் குறையும் நிலையே சரியான நிலை. விரிவுரையாளர் உடனிருக்கச் செய்வது நல்லது.

மூன்றாவது, வெப்பம். இஎல் 84இல் 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர் என்றால் 12 வாட். ஹீட்டருக்கு மேலும் சுமார் 4.8 வாட். எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை அதனருகே வைத்தால் விரைவில் உலர்ந்து கெடும்.

நான்காவது, எர்த். அலுமினியத் தகட்டைச் சுரண்டி, பல் வாஷர் இட்டு இறுக்க வேண்டும். செய்யூர் போன்ற உப்பளக் காற்று வீசும் ஊர்களில் தளர்ந்த இணைப்பு சீக்கிரம் பூத்துவிடும்.

இவையனைத்தையும் முதலில் கிராஃப் தாளில் உண்மை அளவில் வரைய வேண்டும். தாளில் போட்ட வட்டத்தை அழிக்கலாம். தகட்டில் போட்ட துளையை அடைக்க இயலாது. கண்டென்சர்களின் மின்னூட்டத்தை வடிக்கும் மின்தடைக்கும் அந்த வரைபடத்திலேயே இடம் ஒதுக்குங்கள். சுவிட்சை அணைத்த பின்னும் அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மீட்டரில் பார்க்காமல் கை வைக்கலாகாது.