35:65 என்றால் என்ன?

அன்புள்ள தம்பிக்கு,

சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ காரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன உருட்டுச் சக்கரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு பக்கம் உருட்டினால் முன் சக்கரங்களுக்கு அதிக பவர், மறுபக்கம் உருட்டினால் பின் சக்கரங்களுக்கு அதிக பவர் என்று உன் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்களாம். பாதி சரி என்றுகூட நான் ஒப்ப மாட்டேன். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் எந்த அளவுக்குத் தனித்தனி வேகத்தில் சுற்றலாம் என்பதைத்தான் அந்தச் சக்கரம் தீர்மானிக்கிறது. பவர் எங்கே போகும் என்பது அதற்குப் பிறகு வரும் விளைவு.

கார் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் ஓடும். பின் சக்கரங்கள் உள்ளடங்கிய வட்டத்தில் ஓடும். ஆகவே முன் ஆக்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால், காய்ந்த தார் ரோட்டில் வண்டி முரண்டு பிடிக்கும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் யாரோ பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது போல இழுக்கும். இதைத் தவிர்க்கத்தான் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் ஒரு டிஃபரன்ஷியல்.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படி. டிஃபரன்ஷியல் முழுக்கத் திறந்திருந்தால் இரண்டு ஆக்ஸில்களின் வேகம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். இரண்டுக்கும் போகும் முறுக்குவிசையின் விகிதம் மட்டும் மாறாது. முழுக்கப் பூட்டினால் வேகம் இரண்டுக்கும் ஒன்றே. விகிதம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். பூட்டினால் 50:50 ஆகிவிடும் என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். பூட்டிய நிலையில் முன் சக்கரங்கள் பனிக்கட்டி மேல் நின்றால் கிட்டத்தட்ட எல்லா விசையும் பின்னால்தான் போகும்.

எஸ்டிஐயின் நடு டிஃபரன்ஷியல் கோள் பல்சக்கர அமைப்பு கொண்டது. நடுவில் உள்ள சிறிய பல்சக்கரம் முன்னாலும், சுற்றியுள்ள பெரிய பல்வளையம் பின்னாலும் விசையை அனுப்புகின்றன. இந்த அளவு வித்தியாசத்தால்தான் 35:65 என்ற விகிதம் கிடைக்கிறது. பிந்தைய மாடல்களில் அது 41:59 ஆனது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே ஒரு மின்காந்த கிளட்ச் இருக்கிறது. நீ உருட்டும் சக்கரம் அந்த கிளட்ச்சின் இறுக்கத்தை மாற்றுகிறது. பல்சக்கரங்கள் அப்படியேதான் இருக்கும், எனவே ஆதார விகிதமும் மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். முன் சக்கரங்கள் சேற்றில் நிற்கின்றன. 70 நியூட்டன் மீட்டருக்கு மேல் அவை தாங்காது, சுழன்றுவிடும் என்று வை. கிளட்ச் திறந்திருக்கிறது. முன்னால் 70 என்றால், 35:65 விகிதப்படி பின்னால் 130. மொத்தம் 200. இன்ஜின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதற்கு மேல் தரையைச் சேராது. இப்போது கிளட்ச்சை இறுக்கி, முன்னிருந்து பின்னுக்கு 70 கடத்த விடு. மொத்தம் 400 வரை ஏறலாம்: 35 சதவீதமான 140இல் 70 கழிந்து முன்னால் அதே 70, 260உடன் 70 கூடிப் பின்னால் 330. முன் டயரின் பிடிப்பு துளியும் கூடவில்லை, ஆனால் காரைத் தள்ளும் விசை இரட்டிப்பாகிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் விளம்பரத்தாள் சங்கதி.

ஓட்டுநர் பக்கம் வருவோம். வளைவுக்குள் நுழையும்போது கிளட்ச் தளர்வாக இருந்தால் வண்டியின் மூக்கு சொன்னபடி திரும்பும். வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இறுக்கம் வேண்டும். ஒரே வளைவுக்குள் இரண்டும் தேவைப்படுகிறது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எந்த மனிதன் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருப்பான்? அதற்காகத்தான் ஆட்டோ நிலை. சென்சார்களைப் படித்து, கணினி கிளட்ச்சை நொடிக்கு நொடி மாற்றுகிறது. என்னைக் கேட்டால், சாலையில் ஆட்டோவை விட்டு வெளியே வரத் தேவையே இல்லை. சரளை, சேறு, பனி என்று வழுக்கும் தரையில் கற்றுக்கொள்ள மட்டும் கையால் மாற்றிப் பார்.

2001இல் வந்த மிட்சுபிஷி லேன்சர் இவல்யூஷன் 7இல் இதே வேலையை ஹைட்ராலிக் கிளட்ச் செய்தது. ஆதார விகிதம் 50:50. தார், சரளை, பனி என்று மூன்று நிலைகள். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததும் கிளட்ச் தானாகத் தளர்ந்துவிடும். இல்லாவிட்டால் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி வண்டியைச் சுழற்ற முடியாதே! (திருவள்ளூரில் தயாரான நம்மூர் லேன்சர் முன்சக்கர இயக்க வண்டி, அதில் இதெல்லாம் கிடையாது.) 1980இன் ஆடி குவாட்ரோவில் இத்தனை நுணுக்கம் கிடையாது, திறப்பு அல்லது பூட்டு, அவ்வளவே. டொயோட்டா ஜிஆர் யாரிஸில் 60:40, 30:70 என்றெல்லாம் எண்களைக் காட்டி மயக்குவார்கள். அதில் நடு டிஃபரன்ஷியலே கிடையாது, பின் ஆக்ஸிலை இணைக்கும் கிளட்ச் மட்டும்தான். உலக ராலிப் போட்டியிலும் கணினி இயக்கும் நடு டிஃபரன்ஷியல் 2017இல் திரும்பி வந்து, 2022 விதிகளில் மறுபடி வெளியேறியது.

இப்படிப்பட்ட பழைய கார் எதையாவது நீ பார்க்கப் போனால், பானெட்டைத் திறக்கும் முன் குனிந்து டயர்களைப் பார். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். கிளட்ச் சூடாகித் தேயும். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டியில் இப்படிப்பட்ட காரை ஏற்றவே கூடாது.

மேலே போட்ட கணக்கில் கிளட்ச் 70க்குப் பதில் 140 கடத்தினால் மொத்தம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நீயே போட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்